வாழைக்காய்க்கு சுகர் 104: ஸ்மார்ட்வாட்ச் வாங்குவோர் செய்யும் தவறுகள்

பெரியப்பா போன மாதம் ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கினார். "பிபி, சுகர், ஆக்சிஜன் எல்லாம் இதுலயே வந்துடுதுப்பா, இனி லேபுக்கு எதுக்கு அலையணும்?" என்றார். அதைக் கழற்றித் தரச் சொல்லி, கூடையில் கிடந்த ஒரு வாழைக்காயில் கட்டினேன். பச்சை விளக்கு மினுக்கியது. நாடி 74, பிபி 118/76, சுகர் 104. பெரியப்பா வாழைக்காயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாடியில் ஏமாந்ததற்காக அந்த வாட்சைத் திட்ட முடியாது. தோலுக்குள் போகும் பச்சை ஒளி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதற்கேற்ப மாறித் திரும்புகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அது எண்ணுகிறது. எதிரே இருப்பது கையா காயா என்று அதற்குத் தெரியாது. விலை உயர்ந்த வாட்சுகூட சில நேரம் இப்படி ஏமாறும். ஆனால் சுகர் 104 வேறு கதை.

ஒரே திரையில் வரும் எல்லா எண்களையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நாடியை வாட்ச் ஓரளவு நேரடியாகவே பார்க்கிறது. பிபி அப்படியல்ல, அது கணிப்பு. அதனால்தான் சாம்சங் தன் வாட்சில், கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியோடு 28 நாளுக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறது. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட அப்படிக் கேட்காத வாட்ச் காட்டும் பிபியை நான் நம்பமாட்டேன். தோலைத் துளைக்காமல் தானே சுகர் அளக்கும் வாட்சுக்கோ மோதிரத்துக்கோ அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்ததில்லை என்று 2024 பிப்ரவரியில் அந்த அமைப்பே எச்சரித்தது. இந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வாட்சுலதானே சுகர் பார்க்கிறார்" என்பீர்கள். அவர் கையில் சிஜிஎம், அதாவது தொடர்ந்து சுகர் அளக்கும் சின்னக் கருவியை ஒட்டியிருப்பார். அதிலுள்ள மெல்லிய இழை தோலுக்குள் போய் அளக்கிறது. வாட்ச் வெறும் காட்சிப் பலகை.

அடுத்து இசிஜி. 2018-இல் ஆப்பிள் வாட்சில் வந்தபோது பெரிய பேச்சாக இருந்தது. நல்ல வசதிதான், சீரற்ற துடிப்பைப் பிடிக்க உதவும். ஆனால் மாரடைப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது என்று ஆப்பிளே சொல்கிறது. ஆஸ்பத்திரியில் 12 கோணத்தில் பார்ப்பதை வாட்ச் ஒரே கோணத்தில் பார்க்கிறது. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச் 'நார்மல்' காட்டுகிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

வாழைக்காய்ச் சோதனைக்குப் பிறகு பெரியப்பா வாட்சை அலமாரியில் போட்டுவிட்டார். இதுவும் தவறுதான். நடந்த தூரம், ஓய்வில் இருக்கும்போதான நாடி இரண்டையும் வாரக்கணக்கில் பார்த்தால் பயன் உண்டு. நாளுக்கு 10,000 காலடி நடந்தே தீரவேண்டும் என்று மட்டும் அலட்டிக்கொள்ள வேண்டாம். அந்த எண் 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது, வைத்தியர் எழுதிக்கொடுத்ததல்ல.

புத்தம் புது வகைக் கருவி என்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: கம்பெனி மூடினால் இது என்ன செய்யும்? பேசினால் பதில் சொல்லும், சட்டையில் மாட்டும் 'ஹ்யூமேன் ஏஐ பின்' (Pin) என்ற குட்டிக் கருவி 2024 ஏப்ரலில் 699 டாலருக்கு வந்தது, மாதச் சந்தா தனி. அது வேலை செய்யத் தேவையான சர்வரை 2025 பிப்ரவரி 28-இல் நிறுத்தினார்கள். வாங்கியவர்கள் சட்டையில் மிஞ்சியது ஏறக்குறைய ஒரு பொத்தான்தான்.

பெரியப்பா இப்போது காலை நடைக்கு மட்டும் வாட்ச் கட்டுகிறார். அதில் சுகர் காட்டும் பக்கத்தை மறைத்துவிட்டோம். லேபில் அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் திங்கள்கிழமை.