ஸ்பென்சர் மாளிகையில் எந்தப் பிணத்தை எரிப்பது?

ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் வீடியோ கேம் தொடருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பழைய ரசிகர்கள் பெரும்பாலும் சிபாரிசு செய்வது முதல் பாகத்தின் மறுஆக்கத்தைத்தான். 1996இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த அசலை இயக்கிய ஷின்ஜி மிகாமியே 2002இல் கேம்கியூபுக்காக அதைத் திரும்பவும் எடுத்தார். அதை மெருகேற்றி 2015இல் ஹெச்டி பதிப்பாக விட்டார்கள். ஆவலோடு தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் கதை நடக்கும் ஸ்பென்சர் மாளிகையில் பாதியைக்கூடப் பார்க்காமல், தோட்டா தீர்ந்து, காயம் ஆற்றும் மூலிகை தீர்ந்து, மூடி வைத்துவிடுகிறார்கள். கண்ணில் பட்ட ஜாம்பியையெல்லாம் சுடுவதுதான் காரணம். இந்த மறுஆக்கத்தில் சுட்டு வீழ்த்திய ஜாம்பியோடு கணக்கு முடிவதில்லை.

தலை சிதறாமலும் எரிக்கப்படாமலும் விழுந்து கிடக்கும் ஜாம்பி, சில நேரம் கழித்து கிரிம்சன் ஹெட்டாக எழுந்து வரும். சிவந்த தலை, நீண்ட நகங்கள், ஓட்டமாக ஓடி வரும் வேகம். சாதாரண ஜாம்பியை ஒதுங்கிப் போய்விடலாம். இதனிடம் அது சுலபத்தில் நடக்காது. ஆகவே ஒவ்வொரு ஜாம்பியிடமும் துப்பாக்கியைத் தூக்குமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த இடத்துக்கு நாம் எத்தனை முறை திரும்பி வருவோம்?

முதலில் அமைப்புகள்

ஆடக் கிடைக்கும் பாத்திரங்கள் இரண்டு: ஜில், கிறிஸ். முதல் ஆட்டத்துக்கு ஜில், நார்மல் கடின நிலை. ஜில்லுக்குப் பொருள் வைக்க 8 இடம், கிறிஸுக்கு 6. ஜில்லிடம் பூட்டுத் திறக்கும் கம்பி இருப்பதால் சின்னச் சின்னச் சாவிகளுக்கு அலைய வேண்டாம். கிறிஸ் அடி தாங்குவார் என்பது உண்மைதான், ஆனால் இடப் பற்றாக்குறைதான் புதியவரை அதிகம் படுத்துகிறது.

திரை விகிதத்தை 4:3இல் வையுங்கள். பின்னணிப் படங்கள் அந்த அளவுக்கே வரையப்பட்டவை. 16:9இல் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, நீங்கள் நடக்க நடக்கப் படம் மேலே கீழே நகரும். கறுப்புப் பட்டைகள் சில நிமிடங்களில் கண்ணுக்குப் பழகிவிடும்.

கன்ட்ரோல் விஷயத்தில் ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பழைய முறையில் மேல் பொத்தான் என்றால் எப்போதும் பாத்திரத்துக்கு முன்பக்கம். கேமரா கோணம் மாறினாலும் திசை மாறாது. புதிய முறையில் ஸ்டிக்கைத் தள்ளிய பக்கம் ஓடும். கோணம் மாறும் நொடியில் ஸ்டிக்கை விட்டுப் பிடித்தால் வந்த வழியே திரும்பி ஓடி ஜாம்பியின் கையில் போய் விழ நேரிடும். வேகமாகப் பழக வேண்டுமென்றால் புதியது, நம்பி ஓட வேண்டுமென்றால் பழையது. பழைய முறையில் சட்டென்று பின்பக்கம் திரும்பும் அசைவை, கீழ்த் திசையோடு ஓடும் பொத்தான், முதல் அறையிலேயே பத்துத் தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

கொல்வதா, ஒதுங்குவதா, எரிப்பதா

ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் அறைக்குப் போகும் தாழ்வாரம், மாடிப்படிக்குப் போகும் வழி, மாளிகையின் இரு பக்கங்களையும் இணைக்கும் நடை: இவற்றில் ஆட்டம் முழுக்கப் போய் வந்துகொண்டிருப்பீர்கள். இங்கே நிற்கும் ஜாம்பியைக் கொன்று எரித்தே ஆக வேண்டும். ஒரே ஒரு பொருளுக்காக ஒருமுறை நுழைந்து வெளியேறும் அறையில் தோட்டா செலவழிப்பது வீண். உதாரணத்துக்குச் சாப்பாட்டு அறையின் மேல் மாடம். சிலையைத் தள்ளிக் கீழே போட்டு உடைக்கும் வேலை முடிந்தால் அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே உலாத்தும் ஜாம்பிகளைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடுங்கள்.

ஒதுங்கும் முறை இது. ஜாம்பியை நோக்கி நேராக ஓடாதீர்கள். அகலமான பக்கமாக அதை இழுத்து நிறுத்தி, அது கையை நீட்டிப் பாயும் நேரத்தில் எதிர்ச் சுவரை ஒட்டி ஓடுங்கள். குறுகலான தாழ்வாரத்தில் இது பலிக்காது. அங்கே குத்துவாளைச் செலவழியுங்கள். ஜாம்பி பிடிக்கும்போது குத்துவாள் அதன் தலையில் இறங்கும், உங்களுக்குக் காயம் இருக்காது, அது தள்ளாடும் இடைவெளியில் கடந்துவிடலாம். ஜில்லுக்கு மின்சார டேசர், கிறிஸுக்கு ஃப்ளாஷ் கிரனேடும் உண்டு. கிறிஸ் அதை ஜாம்பியின் வாயில் திணித்துவிட்டு விலகுவார். உடனே சுட்டால் தலை போய்விடும், எரிக்கும் வேலை மிச்சம். இந்தத் தற்காப்புப் பொருள்கள் உங்கள் 8 இடத்திலோ 6 இடத்திலோ சேராது என்பதால் பதுக்கி வைப்பதில் லாபமில்லை. தானாகவே பயன்படுத்தும் அமைப்பில் விட்டால் சாதாரணக் கடியைக்கூடத் தடுக்கச் செலவாகிவிடும். கைமுறைக்கு மாற்றி, தேவையானபோது மட்டும் பொத்தானை அழுத்துவது நல்லது.

எண்ணெயே செலவாகாத வழி தலையைச் சிதறடிப்பது. ஷாட்கன் கிடைத்ததும் ஜாம்பியைக் கைக்கெட்டும் தூரம் வரை வரவிட்டு, மேல்நோக்கிக் குறிவைத்து ஒரு முறை சுடுங்கள். பதற்றத்தில் தூரத்திலிருந்தே சுட்டால் குண்டுமணிகள் பரவிப்போய் மார்பில் படும். இரண்டு மூன்று தோட்டா போகும், பிணமும் தலையோடு கிடக்கும். கைத்துப்பாக்கியால் தலை சிதறுவது அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எரிக்க லைட்டரும் எண்ணெய்க் குடுவையும் வேண்டும். குடுவையில் ஒரு நிரப்பலுக்கு இரண்டு பிணம்தான். நிரப்பிக்கொள்ள மாளிகையில் சில இடங்களில் மண்ணெண்ணெய் வைத்திருக்கிறார்கள். விழுந்த உடலைச் சுற்றி ரத்தம் குளமாகப் பரவிய பிறகே அது செத்துவிட்டது என்று நம்புங்கள். அதற்கு முன் பக்கத்தில் போனால் காலைப் பிடிக்கும். பரவியதும் அருகில் நின்று செயல் பொத்தானை அழுத்தி எரித்துவிடலாம். எரிக்காமல் விட்டது கிரிம்சன் ஹெட்டாக எழுந்துவிட்டால் வேறு வழியில்லை, கொல்ல வேண்டியதுதான். ஒரு நிம்மதி, அது இன்னொரு முறை எழாது.

காவலர் குடியிருப்புக்குப் போய்த் திரும்பிய பிறகு மாளிகைக்குள் ஹன்டர்கள் என்ற பாய்ந்து தாக்கும் நகமுள்ள பிராணிகள் வந்துவிடும். அதன்பின் எண்ணெயின் மதிப்பு இறங்கிவிடுகிறது. கடைசிக்கென்று சேமித்து வைத்த மண்ணெண்ணெய் ஒன்றுக்கும் உதவாது. முதல் பாதியிலேயே தாராளமாகச் செலவழியுங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்

கிளம்பும்போது மூன்று இடம் காலியாக இருக்க வேண்டும். ஜில் என்றால் துப்பாக்கி, அதன் தோட்டா, கலந்த மூலிகை ஒன்று, லைட்டர், குடுவை. ஐந்து போய் மூன்று மிச்சம். கிறிஸின் லைட்டர் தனி இடத்தில் இருப்பதால் துப்பாக்கி, மூலிகை, குடுவை என்று எடுத்தாலும் அதே மூன்று. எரிக்கத் திட்டமில்லாத பயணத்தில் குடுவையைப் பொருள் வைக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். பெட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை, ஒன்றில் போட்டதை இன்னொன்றில் எடுக்கலாம். ஆட்டத்தைச் சேமிக்க டைப்ரைட்டரில் இங்க் ரிப்பன் போட வேண்டும். டைப்ரைட்டரும் பெட்டியும் ஒரே அறையில் இருக்கும்போது அதைச் சுமந்து திரிய அவசியமே இல்லை.

துப்பாக்கியில் தோட்டா தீர்ந்தால் நின்றபடி நிரப்பாதீர்கள். மெனுவைத் திறந்தால் ஆட்டம் நின்றுவிடும். தோட்டாவைத் துப்பாக்கியோடு சேர்த்தால் ஒரு நொடிகூடச் செலவாகாமல் நிரம்பிவிடும். ஜாம்பி மூக்குக்கு முன்னால் நிற்கும்போது உயிர் காப்பது இதுதான்.

மூலிகையில் பச்சை மூன்றைக் கலந்தாலும், பச்சை ஒன்றோடு சிவப்பு ஒன்றைக் கலந்தாலும் முழு உயிர். அதனால் சிவப்பு கிடைத்தால் ஒற்றைப் பச்சையோடு மட்டும் சேருங்கள். சிவப்பைத் தனியாகத் தின்ன முடியாது. நீலம் விஷத்துக்கு. ஆனால் மச்சில் பதுங்கியிருக்கும் யான் என்ற பெரும் பாம்பின் விஷத்துக்கு நீலம் பலிக்காது, சீரம்தான் வேண்டும். அந்த முதல் சந்திப்பில் அதைக் கொல்லவும் தேவையில்லை. அங்கே இருக்கும் முகமூடியை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து ஓடலாம். அதற்கு முன்பே பாம்பு கடித்துக் கிடக்கும் சக அணி வீரர் ரிச்சர்டுக்குச் சீரம் கொண்டுவந்து கொடுக்கத் தாமதித்தால் அவர் இறந்துவிடுவார். பிழைக்கவைத்தால் பின்னால் அவருடைய அசால்ட் ஷாட்கன் உங்களுக்கு வந்து சேரும்.

ஹன்டர்கள் வந்த பிறகு உயிர்நிலையைப் பச்சையிலேயே வையுங்கள். அடிபட்ட நிலையில் இருந்தால் ஒரே பாய்ச்சலில் கழுத்தைச் சீவிவிடும். ஜில்லின் கிரனேட் லாஞ்சரில் அமிலக் குண்டு போட்டு வைத்திருந்தால் கவலையில்லை. லீசா டிரெவர் என்ற உருக்குலைந்த பெண்ணைச் சுட்டுக் கொல்ல முடியாது. குடிசையில் பார்த்ததும் வழியைப் பிடியுங்கள்.

பழைய ரசிகர்கள் ஏமாறும் இடம்

1996 அசலை மனப்பாடமாக ஆடியவர்கள் நாய்கள் ஜன்னலை உடைத்துக்கொண்டு பாயும் தாழ்வாரத்தை மறந்திருக்க மாட்டார்கள். மறுஆக்கத்தில் முதல் முறை போகும்போது கண்ணாடியில் விரிசல் மட்டும் விழும். அப்பாடா என்று திரும்பி வரும் ஒரு நாளில் பாயும். அந்த வழியில் துப்பாக்கி நிரம்பியே இருக்கட்டும்.

இன்னொன்று, முதல் ஜாம்பி. சாப்பாட்டு அறைக்கு அப்பால் சக அணி வீரர் கென்னத்தின் உடலைத் தின்றுகொண்டு திரும்பிப் பார்க்குமே, அது. ஜில்லாக ஆடுகிறவர்கள் ஒரு தோட்டாவும் சுடாமல் சாப்பாட்டு அறைக்கே ஓடி வந்தால் அங்கே இருக்கும் கூட்டாளி பேரி பார்த்துக்கொள்வார்.

இரண்டாம் சுற்றுக்கு இலக்கு வேண்டுமென்றால், ஆட்டத்தை 5 மணி நேரத்துக்குள் முடித்தால் சாமுராய் எட்ஜ் துப்பாக்கி, 3 மணி நேரத்துக்குள் முடித்தால் தீராத ராக்கெட் லாஞ்சர். பெட்டிகளின் இணைப்பை அறுத்துவிடும் ரியல் சர்வைவர் முறையைச் சாவிகளின் வரிசை மனதில் பதிந்த பிறகு தொடுங்கள். ஜாம்பியாகிப்போன அணி வீரர் ஃபாரஸ்ட் உடம்பில் கிரனேடு கட்டிக்கொண்டு துரத்தி வரும் முறையும் ஒன்று உண்டு. அதில் ஃபாரஸ்டைச் சுட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது, ஒதுங்கப் படித்தவர்களுக்கு மட்டும்தான் அது.