கேரம் ஸ்ட்ரைக்கரை வைத்து இயக்க உராய்வைக் கணக்கிடுவது எப்படி?

வழுக்கிக்கொண்டிருக்கும் பொருளைத் தளம் தடுக்கும் விசைதான் இயக்க உராய்வு. பாடப்புத்தகக் கணக்குகளில் ‘இயக்க உராய்வுக் குணகம் 0.2 எனக் கொள்க’ என்று கொடுத்துவிடுவார்கள். அந்த 0.2 எங்கிருந்து வந்தது என்று அக்கா மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. வீட்டுக் கேரம் போர்டிலேயே அளந்து பார்த்தோம். எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கீழே உள்ளபடி செய்தால் அரை மணி நேரம் போதும்.

தேவையானவை: கேரம் போர்டு, ஸ்ட்ரைக்கர், போரிக் பவுடர், டேப், ஸ்லோ மோஷன் எடுக்கும் போன். ஸ்டாப்வாட்ச் வேண்டாம். ஒரு விநாடியில் முடியும் ஓட்டத்தில் கை கால் விநாடி தாமதித்தாலே விடை மாறிவிடும்.

படி 1: சூத்திரம்

இயக்க உராய்வு விசை = குணகம் × செங்குத்து விசை (தளம் பொருளைத் தாங்கும் விசை). சமதளத்தில், மேலிருந்து அழுத்தவோ தூக்கவோ எதுவும் இல்லையென்றால், செங்குத்து விசை = நிறை × 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்). சுண்டிவிட்ட ஸ்ட்ரைக்கரை நிறுத்துவது இந்த உராய்வு மட்டும்தான். வேகக்குறைவு என்பது ஒவ்வொரு விநாடியிலும் வேகம் குறையும் அளவு. அதனால் நிறை × வேகக்குறைவு = குணகம் × நிறை × 9.8. இரு பக்கமும் நிறை அடிபட்டுப் போகிறது. அதாவது, குணகம் = வேகக்குறைவு ÷ 9.8. எடை போடாமலே குணகம் கிடைக்கும்.

படி 2: சுண்டிப் படம் எடுப்பது

போர்டு மட்டமாக இருக்க வேண்டும். மேலே போரிக் பவுடர் தூவிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர் மேல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது கோடு சுற்றினால் அந்தச் சுண்டலைக் கணக்கில் எடுக்காதீர்கள். சுழன்றுகொண்டே போகும் ஸ்ட்ரைக்கர் கூடுதல் தூரம் ஓடும். எதிர்ச் சட்டத்தில் மோதாமல் நடுவிலேயே நிற்கிற அளவுக்கு மெல்லச் சுண்டுங்கள். போனை நேர் மேலே பிடித்து, விநாடிக்கு 240 பிரேமில் எடுங்கள்.

படி 3: தூரமும் நேரமும்

கணினியில் வி.எல்.சி. பிளேயரில் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணுங்கள். விரலை விட்டுப் பிரிந்த பிரேமிலிருந்துதான் எண்ண வேண்டும். விரல் தொட்டிருக்கும் வரை தள்ளும் விசையும் சேர்ந்திருக்கிறது. எங்களுக்கு வந்தது 288 பிரேம், அதாவது 1.2 விநாடி. தூரம் 60 செ.மீ.

படி 4: நாங்கள் தவறிய இடம்

முதலில் நான் போட்டது இது: வேகம் = 0.6 ÷ 1.2 = 0.5 மீ/வி. அது 1.2 விநாடியில் சுழியமானது, ஆகவே வேகக்குறைவு 0.417, குணகம் 0.043. பார்க்கச் சரியாகத்தான் இருந்தது.

சரிபார்க்க, போர்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் புத்தகங்களை அடுக்கிச் சாய்த்தோம். லேசாகத் தட்டியதும் ஸ்ட்ரைக்கர் ஒரே சீரான வேகத்தில் வழுக்குகிற சாய்வில், உயரம் ÷ தரையில் படியும் நீளம் = குணகம். எங்கள் போர்டு சட்டத்தோடு 90 செ.மீ. குணகம் 0.043 என்றால் சுமார் 4 செ.மீ. உயர்த்தினாலே வழுக்க வேண்டும். வழுக்கவில்லை, தட்டத் தட்ட நின்றுவிட்டது. ஏழரை செ.மீ. வந்ததும்தான் சீராக இறங்கியது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

தூரத்தை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி வேகம். சீராகக் குறைந்து நிற்கும் பொருளுக்குத் தொடக்க வேகம் அதைப் போல இரண்டு மடங்கு. ஆகவே வேகக்குறைவு = 2 × தூரம் ÷ (நேரம் × நேரம்) = 1.2 ÷ 1.44 = 0.833. குணகம் = 0.833 ÷ 9.8 = 0.085. சாய்த்துப் பார்த்ததோடு பொருந்திவிட்டது.

‘சீராகக் குறையும்’ என்று எப்படிச் சொல்லலாம்? வேகம் மாறினாலும் இயக்க உராய்வு ஏறக்குறைய மாறாது. பிரான்சின் இயற்பியலாளர் கூலும் (Coulomb) 18ஆம் நூற்றாண்டிலேயே சோதித்து எழுதிய விஷயம் இது. மிக அதிக வேகத்தில் பிசகும். போர்டு மேல் கவலையில்லை.

படி 5: விசை

இப்போதுதான் நிறை தேவை. ஸ்ட்ரைக்கர் 15 கிராம், அதாவது 0.015 கிலோ. செங்குத்து விசை 0.147 நியூட்டன். உராய்வு விசை = 0.085 × 0.147 = 0.0125 நியூட்டன். கிராமை அப்படியே போட்டால் 12.5 நியூட்டன் என்று வரும். அது ஒன்றேகால் கிலோ பையைத் தூக்கும் விசை.

பவுடரைத் துடைத்துவிட்டும் செய்து பாருங்கள். எங்களுக்கு 0.19 வந்தது.

பின்சேர்க்கை: கயிறு கட்டிச் சாய்வாக இழுக்கும் கணக்கில் விடை தப்பாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். செங்குத்து விசையைத்தான் பார்க்க வேண்டும். தரையில் நகர்ந்துகொண்டிருக்கும் 25 கிலோ அரிசி மூட்டை, குணகம் 0.4, தரையோடு 30 பாகை சாய்வில் 100 நியூட்டன் இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். எடை 245 நியூட்டன். கயிறு மேல்நோக்கி 50 நியூட்டன் தூக்குவதால் செங்குத்து விசை 195தான். உராய்வு 78 நியூட்டன். முன்னோக்கி இழுப்பது 86.6, ஆகவே மூட்டையின் வேகம் கூடும். 245ஐ அப்படியே பெருக்கியிருந்தால் உராய்வு 98 என்று வந்து, மூட்டை நின்றுவிடும் என்று எழுதியிருப்போம்.