மனச்சோர்வை விசாரிக்கும் முறை

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் வீடு வீடாகச் சென்று உடல்நலம் விசாரிப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

பெண்களிடம் பீடி சுற்றும் நேரத்தில் பேசுங்கள். மடியில் சுளகு இருந்தால் கை அதன்போக்கில் ஓடும், மனம் திறக்கும். மாமியார் பக்கத்தில் இருந்தால் ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துவிட்டு மறுநாள் வாருங்கள். "கவலை இருக்கிறதா மதினி?" என்றால் "இல்லை" என்றே பதில் வரும். "ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது?" என்று கேளுங்கள். ஒருவர் இலை வெட்டியபடியே அரைமணி நேரம் அழுதார். நான் குறுக்கிடவில்லை.

அண்ணாச்சிமார் வேறு மாதிரி. முதுகுவலி, எரிச்சல், கூடிவிட்ட குடி என்றுதான் சொல்வார்கள். எதிரே உட்காராமல், கூட நடந்தபடி கேளுங்கள். 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் 16,415 ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க, ஸ்பானிய வழிவந்த) மக்களைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்விலும் மனச்சோர்வு அறிகுறிகள் பெண்களிடமே கூடுதலாகப் பதிவாயின. அதற்காகக் கேள்விப் படிவத்தில் ஆணுக்கு வரும் குறைந்த மதிப்பெண்ணை நம்பிவிடாதீர்கள். அவருடைய துயரம் பல நேரம் கோபமாக வருகிறது.

மனச்சோர்வை அளக்க நாம் நிரப்பும் பிஎச்கியூ-9 என்ற 9 கேள்விப் படிவம் கடந்த 2 வாரங்களைப் பற்றியது. அதன் 9-வது கேள்வி, சாகத் தோன்றுகிறதா என்பது. கூச்சப்பட்டு அதைத் தாண்டிவிடாதீர்கள். ஆமென்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை நான் பீடிக் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் கொடுக்கிறேன். அந்தப் புத்தகம் வீட்டில் தொலைவதில்லை.