ஒமேகா-3 புற்றுச் செல்லைக் கொல்லுமா? செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒமேகா-3 புற்றுச் செல்லைக் கொன்றது என்ற ஆய்வுக்கூடச் செய்தியைப் படித்த கையோடு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கக் கிளம்புவதுதான் பலரும் செய்யும் தவறு. இத்தகைய செய்திகள் பலவற்றின் பின்னணியில் இருப்பது ஃபெரோப்டோசிஸ். 2012இல் பெயர் சூட்டப்பட்ட இந்த வகைச் செல் சாவுக்கு இரும்பும், எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்களும் வேண்டும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள கார்பனிலிருந்து ஹைட்ரஜன் சுலபமாகக் கழன்றுவிடும். அங்கே ஆக்சிஜன் ஏற, பக்கத்து மூலக்கூறும் கெட, கடைசியில் செல் சவ்வு கிழிகிறது. அப்படிப்பட்ட பலவீனமான இடங்கள் லினோலியிக் அமிலத்தில் 1, அராக்கிடோனிக்கில் 3, மீன் எண்ணெயின் ஒமேகா-3 வகைகளில் ஒன்றான டி.ஹெச்.ஏ.வில் 5. ஆலிவ் எண்ணெயில் அதிகமுள்ள ஒலியிக் அமிலத்தில் ஒன்றுமே இல்லை. அது சவ்வில் இடம்பிடித்தால் செல்லுக்குப் பாதுகாப்பு. 'நல்ல கொழுப்பு' என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போடுவது இங்கே எடுபடாது.

சாப்பிட்டதெல்லாம் சவ்வுக்குப் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. ஏ.சி.எஸ்.எல்.4 நொதிதான் அராக்கிடோனிக் போன்ற அமிலங்களைச் சவ்வில் சேர்க்க வழிசெய்கிறது. மிஞ்சியதைக் கொழுப்புத் துளிகளாகச் செல் பதுக்கிவைக்கும். செல்லுக்குள் இருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானான குளுட்டாதயோன் தீராதவரை ஜி.பி.எக்ஸ்.4 நொதி சேதத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும்.

ஆய்வுக்கூடத்திலேயே சறுக்குவதும் உண்டு. அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு சேர்க்காமல் கொழுப்பு அமிலத்தை அப்படியே ஊற்றினால், அது சோப்பைப் போலச் சவ்வைக் கரைத்தும் கொல்லும். ஃபெரோப்டோசிஸைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1 என்ற வேதிப்பொருளைச் சேர்த்தும் செல்கள் பிழைக்கவில்லை என்றால், அதை ஃபெரோப்டோசிஸ் என்று சொல்வதற்கில்லை.

அளவுக்கு வருவோம். 1000 மி.கி. என்று அச்சிட்ட சாதாரண மாத்திரையில் ஒமேகா-3 வகைகளான இ.பி.ஏ.வும் டி.ஹெச்.ஏ.வும் சேர்ந்து சுமார் 300 மி.கி.தான். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில், தினம் 1 கிராம் ஒமேகா-3 ஐந்தாண்டுக்கு மேல் எடுத்தும் புற்றுநோய் வருவது குறையவில்லை. அது நோய் வராமல் தடுப்பது பற்றிய ஆய்வு. சிகிச்சைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

கூடவே அதிக அளவில் வைட்டமின் ஈ விழுங்குகிறவர்கள் கவனிக்க: அது ஃபெரோப்டோசிஸைத் தடுக்கக்கூடியது.

புற்றை எதிர்க்கும் நோயெதிர்ப்புச் செல்களான சி.டி.8 டி செல்களும் கட்டிக்குள் ஃபெரோப்டோசிஸால் சாகலாம் என்று எலி ஆய்வுகள் காட்டியுள்ளன. சிஸ்பிளாட்டின் வகை கீமோ எடுப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மீன் எண்ணெயில் உள்ள 16 கார்பன், 4 இரட்டைப் பிணைப்பு கொண்ட ஒரு கொழுப்பு அமிலம், எலிகளில் அந்த மருந்தின் வேலையைக் கெடுத்தது. மாத்திரை எடுக்கிறவர்கள் அதன் பெயரையும் அளவையும் அடுத்த கீமோவுக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.