வேலூர் வெயிலிலும் கரண்ட் பில்லை 500 யூனிட்டுக்குள் வைப்பது எப்படி?

குடும்பச் செலவைக் குறைக்கலாம் என்று உட்கார்ந்தால் பலரும் முதலில் கை வைப்பது பாலிலும் பழத்திலும்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வளரும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சாப்பாட்டுச் செலவைக் கடைசியாகத் தொட வேண்டும். வசதி குறையாமல், வயிறு காயாமல் பணம் மிச்சமாகிற இடம் கரண்ட் பில். எங்கள் வீட்டில் ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அத்தை. இருப்பது சத்துவாச்சாரியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. சித்திரை, வைகாசியில் அந்த வீடு எப்படிக் கொதிக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களிலும் 500 யூனிட்டைத் தாண்டாமல் ஓட்டுகிறோம். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: 500 ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்த 2.25 ரூபாய் சலுகை மொத்தமாகப் போய்விடும். 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4.50 போடுவார்கள், 500 வரை அதே 6, 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய். கூட்டினால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

அதற்குப் பிறகு கட்டணம் மாறியிருப்பதால் உங்கள் கடைசி பில்லில் உள்ள விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள். பத்து யூனிட், இருபது யூனிட் வித்தியாசத்தில் தாண்டுகிற வீடுகள்தான் அதிகம் இழக்கின்றன. இந்தப் பதிவும் முக்கியமாக அவர்களுக்குத்தான்.

படி 2: ரீடிங் தேதியைக் காலண்டரில் குறியுங்கள்

மின் வாரியத்திலிருந்து கடைசியாக ரீடிங் எடுத்த தேதியும் அளவும் பில்லில் இருக்கும். அந்த அளவோடு 500ஐக் கூட்டி, மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கும் காலண்டரில் பெரிதாக எழுதுங்கள். அது உங்கள் எல்லை. பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரீடிங்கை அந்தத் தேதிக் கட்டத்திலேயே பென்சிலால் குறியுங்கள். இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. ஆனால் செல்போனுக்குள் இருக்கும் கணக்கு ஒருவருக்கு மட்டும்தான் தெரியும், சுவரில் இருப்பது வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். காலண்டர்தான் என் சிபாரிசு.

ஒரு நாளைக்கு 8 யூனிட் என்று வைத்துக்கொண்டால் 60 நாளில் 480 வரும். மீதி 20 யூனிட் ரீடிங் எடுக்க வருபவர் ஓரிரு நாள் தாமதமாக வந்தால் தாங்குவதற்கு.

மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும்: தேதி, நேரம், வோல்டேஜ், இன்னும் ஏதேதோ. பக்கத்தில் 'கேடபிள்யூஹெச்' என்ற ஆங்கில எழுத்துகள் தெரியும்போது வரும் எண்தான் யூனிட். சில மீட்டர்களில் 'கேவிஏஹெச்' என்று அதே மாதிரி இன்னொரு எண்ணும் வரும், அதைக் குறித்துவிடாதீர்கள்.

படி 3: எது எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரையே கேளுங்கள்

எனக்கு வெகு நேரம் பிடித்த படி இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். "ஃபிரிட்ஜ்தான் சாப்பிடுது", "கிரைண்டர்தான்", "பசங்க டிவிதான்" என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊகத்தை வைத்துக்கொண்டு எதையும் குறைக்க முடியாது. அளக்கிற கருவி கடையில் கிடைக்கிறது. ஆனால் காசு செலவழிக்க வேண்டியதில்லை, உங்கள் மீட்டரிலேயே அந்த வசதி இருக்கிறது.

மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். பக்கத்தில் '3200 இம்ப்/கேடபிள்யூஹெச்' என்பது போல அச்சிட்டிருக்கும். 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். சில மீட்டரில் 1600, சிலவற்றில் வேறு எண். உங்கள் மீட்டரில் இருப்பதை முதலில் பாருங்கள்.

இப்போது வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்க வேண்டும். பிறகு ஒரே ஒரு பொருளை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். அதை 60,000 ஆல் பெருக்கி மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்தால் வாட் கிடைக்கும். 3200 மீட்டர் என்றால் இன்னும் சுலபம்: ஒரு மின்னலுக்கு ஏறக்குறைய 19 வாட்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. மகள் அங்கே டார்ச்சோடு நின்று, விளக்கு மின்னும்போதெல்லாம் "ஒண்ணு... ரெண்டு..." என்று சத்தமாகச் சொல்வாள். நான் மேலே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நோட்டில் எழுதுவேன். ஹால் விசிறி நிமிடத்துக்கு 4, அதாவது 75 வாட். ஃபிரிட்ஜ், மோட்டார் ஓடும்போது 8, அதாவது 150 வாட். குறைவாக இழுக்கும் பொருளுக்கு ஒரு நிமிடம் போதாது. ஐந்து நிமிடம் எண்ணி ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் அதன் ஒரு நாள் கணக்கு இப்படிச் சரியாக வராது. வீட்டில் யாரும் இல்லாத நாளில் ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, போகும்போதும் வந்த பிறகும் ரீடிங் பாருங்கள்.

மீட்டர் பெட்டியைத் திறப்பது, சீலைத் தொடுவது இரண்டும் வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும்.

படி 4: பெரிய தீனிக்காரர்களை மட்டும் பிடியுங்கள்

வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் ஒரு நாள் யூனிட். இந்தக் கணக்கைப் போட்டதும் கிரைண்டர் நிரபராதி என்று தெரிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை மாவாட்டுவதால் பில் ஏறாது. செல்போன் சார்ஜரும் அப்படித்தான். அதற்காகப் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம்.

விசிறியைப் பாருங்கள். 75 வாட் விசிறி நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். பி.எல்.டி.சி. விசிறி (கரண்ட்டைக் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ளது) முழு வேகத்தில் சுமார் 30 வாட்தான் இழுக்கும், அது 29 யூனிட்டில் முடிந்துவிடும். ஒரு விசிறியிலேயே 43 யூனிட் மிச்சம்! மற்றதை விட முதலில் இதில்தான் பணம் போடச் சொல்வேன். ஆனால் எல்லா விசிறியையும் மாற்றாதீர்கள். பகலும் இரவும் சுற்றுகிற ஹால் விசிறி, படுக்கையறை விசிறி போதும். எப்போதாவது போடும் அறைக்குப் பழையதே இருக்கட்டும். அந்தப் பழைய விசிறிக்குப் பெட்டி மாதிரி பெரிய ரெகுலேட்டர் இருந்தால் அதை மட்டும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக மாற்றுங்கள். பழைய வகையில் வேகத்தைக் குறைத்தாலும் மிச்சமாகும் கரண்ட் சூடாகி வீணாகிறது.

தண்ணீர் மோட்டார்: ஒரு ஹெச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். கோடையில் போரில் தண்ணீர் இறங்கியதும் அதே டேங்க் நிரம்ப அதிக நேரம் ஆகும். நிரம்பியதும் கத்துகிற அலாரம் ஒன்று மாட்டினோம், வழிந்து ஓடுவது நின்றுவிட்டது.

வெந்நீர்: 15 லிட்டர் வாளி ஒன்றைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர மூன்றில் ஒரு பங்கு யூனிட் ஆகும். ஐந்து பேர் தினமும் குளித்தால் இரண்டு மாதத்துக்கு 90, 100 யூனிட். வேலூரில் மாசி முடிந்தால் மாடி டேங்க் தண்ணீரே சுடுகிறது, பிறகு ஹீட்டர் எதற்கு? நாங்கள் சிவராத்திரி கழிந்ததும் அதன் ஸ்விட்சை மெயினிலேயே இறக்கிவிடுவோம். கார்த்திகையில்தான் மறுபடி ஏறும்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் ஒரு அபிப்பிராயம் சொல்லிவிடுகிறேன். டோல்கேட் உழவர் சந்தையோ நேதாஜி மார்க்கெட்டோ எட்டும் தூரத்தில் இருக்கிறவர்களுக்குப் பெரிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் தேவையில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை காய் வாங்கினால் 200 லிட்டருக்குள் உள்ள ஒற்றைக் கதவே ஐந்து பேருக்குப் போதும். அணைக்கட்டுப் பக்கத்து முள்ளுக் கத்திரிக்காயைப் பறித்த மறுநாளே குழம்பு வைக்கிற ருசி ஒரு வாரம் குளிரில் கிடந்த காய்க்கு வருமா? வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், அந்த ஸ்டிக்கரில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

படி 5: பங்குனியிலேயே மாடிக்குச் சுண்ணாம்பு

கத்திரி வெயில் வந்த பிறகு அடித்துப் பயனில்லை. கல் சுண்ணாம்பை முதல் நாள் பேரலில் ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி, ஒட்டிப் பிடிக்க ஃபெவிகால் கலந்து, மாடியைப் பெருக்கிக் கழுவிவிட்டு இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. சுண்ணாம்பு ஊறும்போது கொதிக்கும், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். அடிக்கும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் சாயங்காலம் கூரை இறக்கும் அனல் நன்றாகக் குறைகிறது. அத்தை பகலில் கட்டிலில் படுக்க முடிகிறது என்பதே எனக்குப் போதுமான சான்று.

படி 6: ஏசி இருந்தால்

வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் ஏசியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே அறையில் ஓடட்டும், எல்லோரும் அங்கேயே பாய் விரித்துப் படுக்கலாம். 2020 முதல் நட்சத்திரக் குறியீட்டோடு வரும் ஏசிகள் தொடக்கத்திலேயே 24 டிகிரியில் நிற்கும்படி விதி இருக்கிறது. அதை 26, 27க்கு ஏற்றி, விசிறியைக் குறைந்த வேகத்தில் சுற்றவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. படுக்கும்போதும் எழுந்ததும் ரீடிங் பாருங்கள், ராத்திரிக் கணக்கு தெரிந்துவிடும். வாரக் கணக்கு 58 யூனிட்டைத் (500ஐ 60 நாளுக்குப் பிரித்தால் ஒரு வாரத்துக்கு வருவது) தாண்டினால் அடுத்த வாரம் விடியற்காலை நாலு மணிக்கு ஏசி அணைகிற மாதிரி டைமர் வைத்துவிடுவோம். அந்த நேரத்தில் மலைப் பக்கத்துக் காற்று கொஞ்சம் தணிந்திருக்கும், ஜன்னலைத் திறந்தால் போதும்.

பின்சேர்க்கை 1: "எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிவப்பு விளக்கு மின்னுகிறதே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரி பழசாகிவிட்டால் இன்னும் அதிகமாக இழுக்கும். அதையும் அணைத்த பிறகு மின்னினால் எங்கோ கசிவு இருக்கலாம், அல்லது வேறு போர்ஷனின் லைன் உங்கள் மீட்டரில் சேர்ந்திருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே ஆக வேண்டும். மின்னாமல் நிலையாக எரிந்தால் பயம் வேண்டாம், சில மீட்டரில் எதுவும் ஓடாதபோது அப்படித்தான் எரியும். மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987இல் எந்த நேரமும் புகார் சொல்லலாம்.

பின்சேர்க்கை 2: வாடகை வீட்டில் சப் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் சப் மீட்டரில் 200தான் ஓடியிருந்தாலும் மெயின் மீட்டரில் மொத்தம் 500ஐத் தாண்டினால் அந்தச் சலுகை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் போய்விடும். அதனால் வீட்டு உரிமையாளரிடம் யூனிட் விலையைப் பேசுவதற்கு முன் மெயின் பில்லை வாங்கிப் பாருங்கள். எல்லாப் போர்ஷனும் சேர்ந்து காலண்டர் முறையைத் தொடங்கினால் எல்லோருக்கும் லாபம். காட்பாடியில் ஒரு வாசகியின் வீட்டில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து மெயின் மீட்டர் பக்கத்தில் ஒரே காலண்டரை மாட்டியிருக்கிறார்கள், ஞாயிறு ரீடிங் எழுதுவது முறை வைத்து. சப் மீட்டரிலும் அதே சிவப்பு விளக்கு உண்டு. அதில் அச்சிட்ட எண் மெயினில் இருப்பதிலிருந்து வேறாக இருக்கலாம், பார்த்துவிட்டு வகுத்துக்கொள்ளுங்கள்.