கரகரப்பிரியாவின் வழியாக ‘சோ வாட்’: ட்ரம்பெட் பழகுவோருக்கு

அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் ப்ளூ’ இசைத்தட்டில் ஐந்தே உருப்படிகள். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில் நியூயோர்க்கில் பதிவானவை. கொஞ்சம் கர்நாடக சங்கீதம் படித்தபின் ட்ரம்பெட் எடுத்தவர்களுக்கு முதல் உருப்படியான ‘சோ வாட்’ நல்ல வாசல். அதன் டோரியன் ஸ்கேலில் இருப்பவை கரகரப்பிரியாவின் அதே ஏழு சுரங்கள்.

முதல் வாரம் வாத்தியத்தைத் தொடவேண்டாம். ஆதி தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். தாளமில்லாத தொடக்கத்தை விட்டுவிடலாம். பிறகு கணக்கு இதுதான்: 8 ஆவர்த்தனம் டி-யில், 4 ஆவர்த்தனம் அரைச்சுரம் மேலே ஈ ஃபிளாட்டில், மறுபடி 4 டி-யில். ஓர் ஆவர்த்தனம் நான்கு அடி கொண்ட இரண்டு பார் என்பதால் மொத்தம் 32 பார். மைல்ஸின் சோலோ இந்தச் சுற்றை இரண்டு தடவை வருகிறது.

பி ஃபிளாட் ட்ரம்பெட்டில் எல்லாம் ஒரு முழுச்சுரம் மேலே எழுதப்படும். ஆகவே டி-க்கு ஈ-யிலிருந்து பிடியுங்கள். அழுத்தவேண்டிய வால்வுகள் (‘வெறுமை’ என்றால் எதையும் அழுத்தாமல்): ஈ 1-2, எஃப் ஷார்ப் 2, ஜி வெறுமை, ஏ 1-2, பி 2, சி ஷார்ப் 1-2, டி 1. நடுப்பகுதிக்கு எஃப் 1, ஜி வெறுமை, ஏ ஃபிளாட் 2-3, பி ஃபிளாட் 1, சி வெறுமை, டி 1, ஈ ஃபிளாட் 2.

அநேகமானோர் விழுவது இந்த மாறுமிடத்தில்தான். பழைய ஸ்கேலிலேயே விரல் ஓடிவிடும். ட்ரம்பெட்டுக்கு எழுதிய சுரங்களில் இரண்டு ஸ்கேலுக்கும் பொதுவானவை ஜி, டி மட்டுமே. எட்டாவது ஆவர்த்தனம் முடியும்போது ஜி-யை நீட்டிப் பிடித்தபடியே கடந்து, உள்ளே போனபின் ஏ ஃபிளாட்டைத் தொடுங்கள். அந்த ஒரு சுரத்தில் நிறம் மாறுவது அவ்வளவு அழகு!

ஆனால் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் கமகத்தோடு அசைக்கக் கூடாது. பியானோ அசையாது நிற்பதால் பிசிறு தட்டும்.

சேர்ந்து வாசிக்கும்போது சுருதி ஒட்டவில்லையா? உடனே உங்களைக் குறைசொல்லாதீர்கள். மார்ச் 2 அன்று ஒரு டேப் இயந்திரம் மெதுவாக ஓடியதால், பழைய எல்பிகளின் முதல் பக்கம் சற்று உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். 1992இல் திருத்திய பதிப்பு வந்தது. அதை வைத்தே பழகுங்கள்.

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இரவில், ட்ரம்பெட்டின் வாயில் செருகி ஒலியைக் குறைக்கும் ஹார்மன் மியூட் உதவும். அதே இசைத்தட்டின் ‘ப்ளூ இன் கிரீன்’ ஒலி வேண்டுமானால் நடுக்குழாயைக் கழற்றிவிடுங்கள். மியூட் சுருதியைக் கூட்டும். டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுங்கள். கடலோரமென்றால் வாசித்து முடித்ததும் உள்ளே தேங்கிய நீரை ஊதி வெளியேற்றி, மேற்புறத்தைத் துடைத்து, வால்வுக்கு ஒயில் விட்டபின்தான் பெட்டியை மூடவேண்டும்.

இசைத்தட்டின் கடைசி உருப்படியான ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்ச்சஸ்’ அடுத்துப் பழகவேண்டியது. அதில் ஐந்து ஸ்கேல்கள். சங்கராபரணம், ஹரிகாம்போதி, மறுபடி சங்கராபரணம், வகுளாபரணம், கடைசியில் கரகரப்பிரியா என்று நினைத்துக்கொண்டால் கை தானாகப் போகும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசிப்பவரின் விருப்பம்.