தயிர்ச் சட்டியிலிருந்து பாய்வியல் ஆராய்ச்சிக்கு: திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

பாய்வியல் (பொருள்கள் எப்படிப் பாய்கின்றன, உருமாறுகின்றன என்ற படிப்பு), கூழ்மம் (நுண்ணிய துணிக்கைகள் திரவத்தில் பரவிய கலவை) என்று ஆராய்ச்சி செய்ய ஆசை, எங்கே போக வேண்டும் என்று உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். போகிற இடத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் நம் மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். சீமெந்து ஆலை இருக்கிறது, பிறீமா மாவு ஆலை இருக்கிறது, புல்மோட்டையில் இல்மனைற் மணல், மூதூர் கிண்ணியாப் பக்கம் எருமைத் தயிர். சீமெந்துக் குழம்பு, பிசைந்த மா, இல்மனைற்றிலிருந்து எடுக்கிற வெள்ளை நிறமி சேர்த்த பெயின்ற், தயிர் நாலுமே இந்தத் துறைக்காரர்கள் வாழ்நாள் முழுக்க அளந்துகொண்டிருக்கிற பொருள்கள்.

தயிரிலிருந்து தொடங்குங்கள். உறைந்த சட்டியில் ஒரு கரண்டி தோண்டி எடுத்தால் குழியின் சுவர் அப்படியே நிற்கும், கொஞ்ச நேரத்தில் அடியில் நீர் ஊறும். அதாவது ஒரு அளவு விசை வரும்வரை அது திண்மம் போல நிற்கிறது, அதைத் தாண்டினால்தான் பாயும். அந்த எல்லைக்குப் பெயர் இளகு தகைப்பு. அதையே பத்துத் தடவை கலக்கினால் ஊற்றலாம், ஆனால் திரும்ப எவ்வளவு நேரம் வைத்தாலும் பழைய இறுக்கம் முழுதாக வராது, ஏனென்றால் பால் புரதத் துணிக்கைகள் கோத்த வலை அறுந்துவிட்டது.

சரி, அளப்பது எப்படி? போத்தல் மூடியில் துளை போட்டு நேரம் பார்க்காதீர்கள். நாம் அளக்கப் போவது பாகுநிலை, அதாவது திரவம் ஓட்டத்துக்குக் காட்டும் தடை; குட்டையான துளையில் தண்ணீர் ஓடும் வேகத்தை அது பெரிதாகத் தீர்மானிப்பதில்லை. ஒரு மில்லிமீற்றர் அளவு உள்விட்டமும் அரை மீற்றர் நீளமும் உள்ள குழாய் வேண்டும், தண்ணீர் மட்டத்துக்கும் குழாயின் வெளிவாய்க்கும் உயர வேறுபாடு 10 சென்ரிமீற்றர் போதும். 10 மில்லிலீற்றர் தண்ணீர் வடியவே இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், பொறுமையாக இருங்கள். மெல்லிய குழாயில் திரவம் ஓடும் அளவைச் சொல்லும் புவாசேயின் சமன்பாட்டில் ஆரை நாலாம் அடுக்கில் வருவதால் ஆரையில் பத்து வீதம் பிழைத்தால் விடை நாற்பது வீதத்துக்கு மேல் பிழைக்கும், ஆகவே ஆரையை அளக்கப் பாடுபடாமல் அதே குழாயில் தண்ணீரோடு ஒப்பிடுங்கள். வெப்பநிலையைக் கட்டாயம் எழுதி வையுங்கள். தண்ணீரின் பாகுநிலையே 20 பாகையிலிருந்து 30 பாகைக்குப் போகும்போது ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அப்புறம் துணியில் வடித்த கெட்டி மோரை விட்டு, உயரத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். ஓட்டம் இரண்டு மடங்குக்கு மேல் கூடினால், வேகமாகத் தள்ளத் தள்ள இளகுகிற திரவம் உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு கதை சொல்ல வேண்டும். திரவத்தில் சிறு உருண்டைகள் மிதந்தால் பாகுநிலை எவ்வளவு கூடும் என்று ஐன்ஸ்டைன் கணக்கிட்டு 1906இல் வெளியிட்டார், உருண்டைகள் பிடிக்கிற கனவளவுப் பங்கைப் பெருக்க வேண்டிய எண், அதாவது குணகம், 1 என்று வந்தது. பாரிஸில் பௌதிகவியலாளர் பெரானின் ஆய்வுகூடத்தில் பான்ஸ்லான் என்பவர் அளந்தபோது அது பொருந்தவில்லை, எண் மிகவும் பெரிதாக வந்தது. தன் கணக்கைத் திரும்பப் பார்க்கும்படி ஐன்ஸ்டைன் தன்னோடு வேலை செய்த ஹொப்ஃபிடம் சொல்ல, அவர் பிழையைக் கண்டுபிடித்தார். 1911இல் அது 2.5 ஆகத் திருத்தப்பட்டது. பெரான் தன் பரிசோதனைகளுக்குப் பயன்படுத்தியது நம் கொறுக்காய்ப் புளியின் இனத்து மரத்தில் வடிகிற மஞ்சள் பிசின். எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான், கவனமாக அளந்த ஓர் எண் எவருடைய சமன்பாட்டையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும்.

படிப்பு என்று பார்த்தால் பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் அல்லது இரசாயனவியல் சிறப்புப் பட்டம், இல்லையென்றால் மொறட்டுவையில் இரசாயனப் பொறியியல், எதுவும் சரி. வகையீட்டுச் சமன்பாடும் கொஞ்சம் கணினி நிரலும் கைவசம் வேண்டும்.

பட்ட ஆய்வின்போது ரியோமீற்றர் (பொருளைத் தட்டுகளுக்கிடையில் வைத்துச் சுழற்றிப் பாய்வை அளக்கும் கருவி) கிடைத்தால் ஒன்றை மறக்காதீர்கள். தயிர் போன்றவற்றில் உலோகத் தட்டை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி, பொருள் பாயாமல் வழுக்கும். இரண்டு கிழமை நான் அளந்து வைத்தது முழுக்க அந்த வழுக்கல்தான், தயிரின் பாய்வு அதில் இல்லவே இல்லை. சொரசொரப்பான தட்டு அல்லது இதழ்கள் உள்ள கோல் போட்டுத் திரும்ப அளந்தபோது எண்கள் வேறாக வந்தன.

வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதும்போது நீளமான புகழ்ச்சி வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையை உண்மையாக வாசித்து அதில் ஒரு கேள்வி, நீங்கள் அளந்த ஒரு வரைபு, அதன் பிழை எல்லை, இவ்வளவு போதும். அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் உதவித்தொகையோடுதான் எடுப்பார்கள், ஆகவே வீட்டில் காசு இல்லை என்று முன்கூட்டியே கைவிடாதீர்கள். அந்த வரைபுக்கான மோரை மட்டும் காலையிலேயே அளந்து முடித்துவிடுங்கள், நம் ஊர் வெயில் ஏறினால் புளித்துக்கொண்டே போகும், காலையில் எடுத்த எண்ணும் பின்னேரம் எடுத்த எண்ணும் ஒத்துவராது.